ஜமுக்காளத்துக்கு ஆரத்தி

யாரும் கேட்காமலேயே உதவி செய்ய ஓடி வருகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் கையில் ஒரு தட்டோ, ஒரு செம்போ, ஒரு தீப்பெட்டியோ இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். என் கையில் அன்றைக்கு மூன்றுமே இருந்தன.

கல்யாணமாகி ஷார்ஜாவுக்கு வந்து, ரோலா கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் குடியேறி, மகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலம் அது. அப்போதுதான் ஒரு கைவினைக் கண்காட்சியில் ஸ்டாலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பக்கத்து ஃப்ளாட் அக்கா சொன்னார். போனேன். மேனேஜர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்களுக்கு நெசவு பத்தி ஏதாவது தெரியுமா?"

"நான் சாந்தாமணி, பவானிங்க சார்," என்றேன்.

அவரும் தமிழர் என்பதால் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பவானி என்றால் ஜமுக்காளம். ஜமுக்காளம் என்றால் நெசவு. ஆகவே சாந்தாமணி என்றால் நெசவு. (உண்மை என்னவென்றால், பவானியில் எங்கள் அப்பா வைத்திருந்தது மருந்துக் கடை. ஜமுக்காளத்தோடு எனக்கிருந்த உறவு, கல்யாண மண்டபங்களில் அதன்மேல் உட்கார்ந்தது. சில கல்யாணங்களில் படுத்தும் இருக்கிறேன்.)

என்னை மெக்சிகோ ஸ்டாலில் போட்டார்கள். அந்த நாட்டில் வஹாகா என்று ஒரு பகுதி இருக்கிறதாம். அங்கே மலையடிவாரத்தில் சபொதெக் என்னும் மக்களின் நெசவு ஊர் ஒன்றிலிருந்து இரண்டு பெண்கள் கம்பளி விரிப்புகளோடு வந்திருந்தார்கள். பெரியவர் எலேனா. ஐம்பதைத் தாண்டியவர், இரட்டைப் பின்னலில் ரிப்பன் கட்டி, பூவேலை செய்த ஏப்ரன் போட்டிருப்பார். கூட வந்தவள் அவருடைய நாத்தனார் மகள் ரோசா. அவளுக்கு ஆங்கிலம் தெரியும். எலேனா தங்கள் மொழியில் சொல்வதை ரோசா எனக்கு ஆங்கிலத்தில் சொல்வாள். அதை நான் இங்கே தமிழில் சொல்கிறேன். இத்தனை கை மாறியும் எலேனாவின் காரம் குறையவில்லை என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

அவர்கள் ஊரில் முன்பெல்லாம் பெண்களும் நெய்வார்களாம், ஆனால் விற்பது வேறு யாரோவாம். எலேனா இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு, நாங்களே நெய்வோம், நாங்களே சாயம் போடுவோம், நாங்களே விற்போம் என்று கடை போட்டுவிட்டார். அவர் விற்பதைப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் யார் எதைக் கையில் எடுத்தாலும் "லாஸ்ட் பிரைஸ்?" என்றுதானே கேட்பார்கள்? எலேனா அவர்கள் கையிலிருந்து விரிப்பை வாங்கி, தூசி தட்டி, மடித்து, அலமாரியில் வைத்துவிடுவார். அதுதான் லாஸ்ட் பிரைஸ். பாதிப் பேர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து சொன்ன விலைக்கே வாங்கிப் போனார்கள்.

முதல் நாளே நான் என் பவானிப் பெருமையை எடுத்து விட்டேன். எலேனாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியா! உங்க ஊர்த் தறியில எத்தனை மிதிக்கட்டை?" என்று கேட்டார்.

"அது தறியைப் பொறுத்ததுங்க," என்றேன்.

"சாயம் போகாம இருக்க எதைப் போட்டு நிறுத்துவீங்க?"

"அதுவும் சாயத்தைப் பொறுத்தது."

ரோசா மொழிபெயர்த்தாள். எலேனா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அதற்குப் பிறகு என்னிடம் நெசவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. டீ வாங்கி வர மட்டும் அனுப்பினார்.

ஸ்டாலின் பின்சுவரில் ஒரு பெரிய விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அது விற்பனைக்கு இல்லை. பக்கத்தில் துபாயில் இருக்கும் ஓர் அரபுப் பெண்மணி போனிலேயே சொல்லி நெய்யச் சொன்னது. மூன்று பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து நெய்ததாம். நடுவில் சாயம் போடாத வெள்ளைக் கம்பளி, சுற்றிலும் அடர்சிவப்பும் அவுரி நீலமுமாகப் படிப்படியாக இறங்கும் வைரக்கட்டங்கள். கடைசி நாள் சாயங்காலம் மேடம் வந்து வாங்கிப் போவதாக ஏற்பாடு. பிடித்திருந்தால் அவர் வீட்டு மஜ்லிஸ் முழுவதற்கும், அதாவது விருந்தினர் கூடம் முழுவதற்கும், அவர்களிடமே ஆர்டர். அது கிடைத்தால் ஊரில் காத்திருக்கும் அத்தனை பெண்களுக்கும் வருஷம் முழுக்கத் தறி ஓடும். எலேனா கடல் தாண்டி வந்ததே அதற்காகத்தான்.

அந்த விரிப்பைப் பார்க்காமல் ஒருத்தரும் ஸ்டாலைத் தாண்டவில்லை. அதன் முன்னால் நின்று குடும்பம் குடும்பமாகப் போட்டோ எடுத்தார்கள். ஒரு பெரியவர் கையால் தடவிப் பார்த்து, நீளமாகப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். அந்தப் பெருமூச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கே விரிப்பு மாட்டியிருந்த கொக்கி ஒன்று கழன்று விழுந்தது. மறுநாள் ரோசாவுக்கு ஜலதோஷம். கார்டு மெஷின் வேலை செய்யவில்லை. எலேனாவின் காபி ஏப்ரனில் கொட்டியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கண்ணு பட்டிருச்சு.

அன்று ராத்திரி கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் இருக்கிறார், எதையும் எங்கிருந்து எங்கே என்று கேட்கும் பழக்கம் உள்ளவர்.

"ஏனுங் மாமா, நாளைக்கு அந்த விரிப்புக்குத் திருஷ்டி சுத்திப் போடலாம்னு இருக்கேனுங்."

"ஏம்புள்ள, உன்னைய அங்க எதுக்கு வேலைக்கு வெச்சாங்க?"

"ஒத்தாசைக்கு."

"டீ வாங்கிக் குடுக்கறதுதான் ஒத்தாசை. அதோட நிறுத்திக்கோ கண்ணு."

ஆண்களுக்கு இதெல்லாம் புரியாது என்று விட்டுவிட்டேன். காலையில் பையில் எடுத்து வைத்தவை: பித்தளைத் தட்டு, செம்பு, ஊரிலிருந்து வந்த ஈரோட்டு மஞ்சள், சுண்ணாம்பு டப்பா, வெற்றிலை, கற்பூரம், தீப்பெட்டி, இரண்டு எலுமிச்சம்பழம். ஒரு குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிற மாதிரி கிளம்பினேன்.

கண்காட்சி திறக்க இன்னும் நேரமிருந்தது. தொங்குகிற விரிப்பைச் சுற்றி எப்படிச் சுற்றுவது? அதனால் கழற்றி மேஜைமேல் விரிக்கச் சொன்னேன். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பைக் கலந்தேன். மஞ்சள் தண்ணீர் பளிச்சென்று ரத்தச் சிவப்பானது. எலேனாவின் புருவம் உயர்ந்தது. முதல் நாளுக்குப் பிறகு அவர் என்னை மதித்துப் பார்த்த பார்வை அது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இது என்ன?" என்றாள் ரோசா.

"செக்யூரிட்டி சிஸ்டம்," என்றேன்.

வெற்றிலையில் கற்பூரத்தை வைத்து, தட்டில் மிதக்கவிட்டு, பற்ற வைத்தேன். "ஊரு கண்ணு, உறவு கண்ணு, வந்த கண்ணு, போன கண்ணு..." என்று சுற்ற ஆரம்பித்தேன். எலேனா பக்தியோடு சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"ஆக்! ஆக்! பந்த் கரோ!"

தீ, தீ, அணை என்று இந்தியில் கத்திக்கொண்டு செக்யூரிட்டி பாய் ஓடி வருகிறார். கையில் தீயணைக்கும் சிலிண்டர். அந்த ஹாலில் ஊதுபத்திகூடக் கொளுத்தக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஊதி அணைத்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் செய்தது, ஆறாம் வகுப்பில் டீச்சர் வரும்போது மாங்காயை மறைப்பேனே, அதே போலத் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தது.

முதுகுக்குப் பின்னால்தான் விரிப்பு இருந்தது.

கற்பூரம் அணைந்துவிட்டது. அன்றைய நல்ல செய்தி அது ஒன்றுதான். திரும்பிப் பார்த்தால், வெள்ளைக் கம்பளியின் ஒரு மூலையில் சிவப்பாக ஒரு ஏரி. அது விரிந்துகொண்டே போனது. ரோசா வீலென்று கத்தினாள். பாய் அந்தச் சிவப்பை ரத்தமென்று நினைத்து, "கூன்! கூன்!" என்று அலறி, சிலிண்டரைக் கீழே போட்டுவிட்டு, யாருக்கு அடிபட்டது என்று எங்கள் மூன்று பேரின் கையையும் காலையும் தேட ஆரம்பித்தார். ரத்தமில்லை பாய், ஹல்தி, மஞ்சள்தான் என்று நான் சொல்ல, "மஞ்சள் எப்படி சிவப்பாகும்? என்னை ஏமாற்றாதே," என்று அவர் இந்தியில் அதட்ட, எனக்கு அழுகை வந்துவிட்டது.

எலேனா குனிந்து கறையை விரலால் தொட்டார். மோந்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"என்ன போட்ட?"

"மஞ்சளும் சுண்ணாம்பும்."

எலேனா மேஜைமேல் இருந்த என் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். (திருஷ்டிக்கு வைத்திருந்தது. கடைசியில் உருப்படியான வேலை செய்தது அது ஒன்றுதான்.) வாயாலேயே கடித்துத் திறந்து, கறையின் ஓரத்தில் ஒரு சொட்டு பிழிந்தார். சிவப்பு அந்த இடத்தில் மட்டும் சட்டென்று மஞ்சளானது.

"போயிடுச்சு! சிவப்பு போயிடுச்சு!" என்று நான் குதித்தேன்.

"மேடம் கேட்டது வெள்ளை," என்றாள் ரோசா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

இரண்டு பழத்தையும் பிழிந்து முடித்தபோது சிவப்பு ஏரி மஞ்சள் ஏரியாகியிருந்தது. நான் அந்த மஞ்சளையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நெசவு எனக்குத் தெரியாது. ஆனால் மஞ்சள் கறை தெரியும். எங்கள் ஊரில் மாரியம்மன் பண்டிகைக்கு மஞ்சத்தண்ணி ஊற்றி விளையாடுவோம். மாமன் மச்சான் ஒருத்தர் சட்டையும் தப்பாது. மறுநாள் அலசி வெயிலில் போட்டால், சாயங்காலம் சட்டை வெள்ளை.

"வெயில்!" என்று கத்தினேன். "வெயில்ல போட்டா மஞ்சள் நிக்காது! ஆனா உங்க சிவப்பும் நீலமும்..."

ரோசா சொல்லி முடிக்கும் முன்னே எலேனா நிமிர்ந்துவிட்டார்.

"என் சாயம் எந்த வெயிலுக்கும் பயப்படாது. உன் சாயம்தான் வெளுக்கும்னு நீயே சொல்ற. சரி, நட," என்றார்.

அதற்குள் மேனேஜர் வந்து பார்த்துவிட்டார். அவர் திட்டவில்லை. "நாளைக்கு அந்தம்மா வேணாம்னு சொன்னாங்கன்னா, பவானிக்கே டிக்கெட் போட்டுக்கங்க," என்று மட்டும் சொன்னார். எனக்கு வேலை போவதைப் பற்றிக்கூடப் பெரிய கவலையில்லை. ஊரில் தறிகளோடு காத்திருக்கும் அந்தப் பெண்களைப் பற்றித்தான் கவலை. அவர்களுக்கு என்னைத் தெரியவே தெரியாது. எங்கோ ஒரு சாந்தாமணி தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள் என்பதற்காக அவர்கள் தறி நிற்பதா?

கணவருக்குப் போன் போட்டேன். "ஏனுங் மாமா" என்று தொடங்கியதுமே, "எங்க கொட்டுன?" என்று கேட்டார்.

விரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளியல் தொட்டியில் அலசினோம். (அதுவரை அந்தத் தொட்டியில் யாரும் குளித்ததில்லை. அரிசி மூட்டை வைக்கும் இடம் அது.) நனைந்த கம்பளி கன்றுக்குட்டி கனம் கனத்தது. அடுத்த பிரச்சினை, எங்கே காயப் போடுவது? பால்கனியில் துணி தொங்கினால் முனிசிபாலிட்டிக்காரர்கள் ஃபைன் போடுவார்கள். மொட்டை மாடிக்குப் பூட்டு. கடைசியில் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மணல் பார்க்கிங்கில், எங்கள் வெள்ளைக் கார்மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு, அதன்மேல் கம்பளத்தை விரித்தோம். கல்யாண ஊர்வலத்துக்குத் தயாரான கார் மாதிரி இருந்தது. கணவர் ஆபீசுக்கு, "வீட்ல ஒருத்தருக்கு சீரியஸ்" என்று சொல்லி லீவ் போட்டார். அது பொய்யென்று சொல்ல முடியாது.

எலேனா கம்பளத்தை விட்டு நகர மறுத்தார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்து, காருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பூனையையும் புறாவையும் விரட்ட என் கணவர். நானும் ரோசாவும் ஸ்டாலுக்குத் திரும்பினோம். அங்கிருந்து நான் போன் போட்டுப் போட்டுப் பார்ப்பேன்.

"எப்புடி இருக்குதுங்?"

"எது? கறையா, அந்தம்மாவா?"

"ரெண்டும்."

"கறை கொஞ்சம் எறங்கிருக்குது. அந்தம்மா எறங்கல. என்னமோ பேசிக்கிட்டே இருக்கறாங்க புள்ள. நானும் சும்மா இருக்கப்படாதுன்னு நம்மூர்க் கதை சொல்லிட்டிருக்கேன்."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதுங் மாமா!"

"உன்னையப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம். நல்லாப் புரியுது."

சாயங்காலம் போய்ப் பார்த்தபோது இரண்டு பேரும் தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டு முடித்து, உறவினர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் பாதிக்கு மேல் போயிருந்தது. மறுநாள் காலையிலிருந்து மத்தியானம் வரை மறுபடி வெயில். இந்த ஊர் வெயிலை எத்தனை வருஷம் திட்டியிருப்பேன்! அன்றைக்கு மட்டும் அது கொஞ்சம் மேகத்துக்குள் போனாலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சிவப்பும் நீலமும் எலேனா சொன்னபடியே அசையவில்லை. என் மஞ்சள் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, பிஸ்கட் நிறத்தில் வெளிறி, அதற்கு மேல் போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. ஈரோட்டு மஞ்சள் அல்லவா, தரம் அப்படி.

சாயங்காலம் மேடம் வந்தார். கறுப்பு அபாயா அங்கி, ஸ்டால் முழுக்க ஊது அத்தர் வாசனை. விரிப்பைப் பார்த்ததும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். சுற்றி வந்தார். குனிந்தார். நான் மனதுக்குள் பண்ணாரி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் விரல் நேராகப் போய் அந்த பிஸ்கட் நிறத்தில் நின்றது.

"இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ரோசா வாயைத் திறந்தாள். எலேனா அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தாடையால் என்னைக் காட்டினார். ரோசா முணுமுணுத்தாள், "நீங்களே சொல்லணுமாம்."

சொன்னேன். என் ஆங்கிலம் பயத்தில் பாதியாகிவிட்டது, மீதியைக் கையால் சொன்னேன். நிறையப் பேர் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், கண் பட்டுவிட்டது, எங்கள் ஊரில் இப்படிச் சுற்றினால் அது கழியும், சுற்றினேன், பாய் வந்தார், கொட்டிவிட்டது. சொல்லும்போதே எனக்கு அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று புரிந்தது. முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேடம் மெதுவாக, "ஐன்?" என்றார். கண்ணேறுக்கு அரபியில் அதுதான் பெயர்.

"ஆமாங்க மேடம். ஐன்."

மேடத்தின் முகம் மாறியது. கைப்பையிலிருந்து போனை எடுத்து, வேகமாகத் தள்ளித் தள்ளி ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். அதே விரிப்பு. எலேனா அனுப்பிய போட்டோ.

"இதை நான் என் அக்காவுக்கு அனுப்பினேன். எப்போது தெரியுமா? நேற்று முன்தினம். அவள் என்ன பதில் போட்டாள், பார்! 'வாவ்.' வெறும் வாவ். கண் படாமலிருக்க ஒரு மாஷா அல்லாஹ் கிடையாது!" போனை என் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். "மறுநாள் காலையில் கொட்டியிருக்கிறது. எனக்குத் தெரியும்! எனக்கு அவளை நன்றாகத் தெரியும்!"

என் தப்பு என் கண் முன்னாலேயே, நான் பார்த்தேயிராத ஓர் அக்காவின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. அந்த அக்காவுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. மன்னிக்கணும் அக்கா, எனக்கு வேறு வழியில்லை.

"ஒரு துளியோடு போனது. நீ சுற்றாமல் இருந்திருந்தால் முழுசும் போயிருக்கும்," என்றார் மேடம். "இருக்கட்டும், இந்த அடையாளம் அப்படியே இருக்கட்டும். இனிமேல் எந்தக் கண்ணும் படாது. ஆனால் அடுத்த முறை எங்களைப் போல வாசனைக் கட்டை எரித்து பகூர் புகை போடு. புகை கொட்டாது."

ரோசா இதை எலேனாவுக்குச் சொன்னாள். எலேனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு பிரசங்கமே செய்தார். ரோசா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியபடி மொழிபெயர்த்தாள்.

"கண்ணு பட்டுச்சுன்னா எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே! எங்க ஊர்ல முட்டையால சுத்துவோம். முட்டைக்கு ஓடு இருக்கு. ஓடு எதுக்கு இருக்கு? கொட்டாம இருக்கத்தான்!"

பிறகு மஜ்லிஸ் ஆர்டர் பேசினார்கள். மேடம் "லாஸ்ட் பிரைஸ்?" என்று கேட்டார். எலேனா விரிப்பை மடிக்க ஆரம்பித்தார். மேடம் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து நிறுத்தினார். கலாஸ், முடிந்தது. நான் ஸ்டாலுக்குப் பின்னால் போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்து நன்றாக அழுதேன். சந்தோஷமென்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு நிம்மதி. பாய் வந்து பார்த்துவிட்டு, ஒரு டீயை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் ரோசா வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவர்கள் கடையின் புது விரிப்பு. வெள்ளைப் பின்னணி, வைரக்கட்டங்கள், ஒரு மூலையில் மட்டும் ஒழுங்கில்லாமல் ஒரு சிவப்பு ஏரி. அந்த வடிவத்தை எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். வேண்டுமென்றே நெய்திருந்தார்கள். மேடம் அந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லி, எல்லாரும் அதே கறையோடு கேட்கிறார்களாம். "எங்க ஊர்ல இப்ப இதுதான் அதிகம் போகுது. இதுக்குப் பேரு 'சாந்தாமணி'," என்று எழுதியிருந்தாள்.

என் பெயரில் உள்ள விரிப்பு என்பதால் ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, உரிமையோடு லாஸ்ட் பிரைஸ் கேட்டேன். பதிலுக்கு எலேனா ஒரு வீடியோ அனுப்பினார். அதில் அவர் அந்த விரிப்பை நிதானமாக மடித்து அலமாரியில் வைக்கிறார். சொன்ன விலைக்கே வாங்கினேன். இப்போது அது எங்கள் ஹாலில் கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும், "ஐயோ, என்னங்க கொட்டிருச்சு?" என்று கேட்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது எதுவும் கொட்டுவதில்லை. போன வாரம் என் மகள் சோபாவில் உட்கார்ந்து ரசம் குடித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கிண்ணத்தோடு எழுந்து நின்று கத்தினாள்.

"டாடி, கம் ஃபாஸ்ட்! நான் ஒரு சாந்தாமணி போட்டுட்டேன்!"

என் கணவர் அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். ஒரு கையில் எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் கார் சாவி.